எல்லோரும் அழுத படம்

படம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கதை என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் சிங்கப்பூரில், தேக்கா ஈரச்சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளியம்மா பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீரைக் கட்டைப் பிரிக்கும்போதும் அதையே பேசினார்.

"கார்ட்டூன்னு லேசா நினைக்காதே. பெரியவங்க பார்க்கணும். நானும் அழுதேன், என் மருமகனும் அழுதான்."

"எதுக்கு அழுதீங்க?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் உனக்கு அழுகை வராதே."

வீட்டிலும் அப்படித்தான். அப்போது நான் பொங்கோலில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பிள்ளைகள் இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். அணில் கதை என்றார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

"சொன்னா ஸ்பாய்லர் அத்தை."

"அப்படின்னா?"

"சொல்லவே கூடாதுன்னு அர்த்தம். டிஷ்யூ மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

வானொலியிலும் சொன்னார்கள். பரிசு வாங்கிய படம், குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று. குடும்பத்தோடு என்றதைக் கேட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள் நான். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. பிரிந்த பிறகு அண்ணன் வீடுதான். அண்ணன் மகளும் நானும் ஒரே அறை. அவளுக்குப் படிக்க மேசை வாங்கினார்கள். போட இடம் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசை பிரிக்காத அட்டைப்பெட்டியில் கதவுக்குப் பின்னால் நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் படுக்கப் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். பேருந்து ஓட்டுகிறவர். வீடு பாசிர் ரிஸ்ஸில். மனைவி நோயில் இறந்துவிட்டார். ஒரே மகள், தொடக்கநிலை மூன்றில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காய் வாங்க வருவார். முருங்கைக்காய் பார்த்து வாங்கத் தெரியாது. நான் பொறுக்கிக் கொடுப்பேன். அப்படித்தான் பேச்சு வந்தது. முதலாளியம்மா என் அண்ணனிடம் பேசினார். அண்ணன் அவரிடம் பேசினார். எல்லோரும் பேசி முடித்த பிறகு அவர் என்னிடம் நேராக ஒன்று சொன்னார்.

"பாப்பா சரின்னா எனக்குச் சரி. அது வேணாம்னுட்டா நான் மேல பேசமாட்டேன். மன்னிச்சிடுங்க."

"சரி" என்றேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சின்னப் பிள்ளை வேண்டாம் என்றால் அது முடிந்தது. அதை நினைத்தால் கைவேலை ஓடாது. அந்த வாரம் இரண்டு தடவை சில்லறையை மாற்றிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"வீட்டுல வச்சுப் பார்த்தா பாப்பா விறைச்சுக்கும். வெளிய எங்கயாவது போலாம். ஏதாவது படம் சொல்லுங்க" என்றார் அவர். நான்தான் அணில் படத்தைச் சொன்னேன். அவரோடு வேலை பார்க்கிறவர்களும் ஆகா ஓகோ என்றார்களாம். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை அண்ணி என் சேலையைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார்.

"சேலை கட்டிக்கிட்டுப் போய் நின்னா பிள்ளைக்கு எல்லாம் புரிஞ்சிடும். சுடிதார் போடு."

"புரிஞ்சா என்னவாம்?" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. இங்க பாரு, முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க. நீ சும்மா இருந்தாலே கோவமா இருக்குற மாதிரிதான் இருக்கும்."

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த முகத்தை வைத்துப் பார்த்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

கடைத்தொகுதி வாசலில் இருவரும் நின்றார்கள். பிள்ளை ஒல்லி. இரட்டைச் சடை. ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. அப்பா பின்னியது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நீங்கதான் அந்த ஆண்டியா?" என்றாள்.

"எந்த ஆண்டி?"

"அப்பா போன்ல பேசுற ஆண்டி."

அவர் தரையைப் பார்த்தார். "ஆமா" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அரங்குக்குள் பிள்ளை நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஏசிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். படம் இங்கிலீஷ். கீழே ஓடியது சீன எழுத்து. நான் ஆறாவதோடு நின்றவள்.

"ஆண்டிக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நீ சொல்லிக் கொடு பாப்பா" என்றார் அவர்.

பிள்ளைக்கு வேலை கிடைத்த சந்தோஷம். என் காதோடு வந்து ஊதினாள். பாப்கார்ன் வாசனை அடித்தது.

"அது அப்பா அணில். கொட்டையை எண்ணி எண்ணி வைக்குது. கஞ்சம்லா."

சிரித்தேன். அதுவாகவே வந்தது. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன்.

பிறகு படத்தில் புயல் வந்தது. அம்மா அணில் குட்டியைப் பொந்துக்குள் தள்ளிவிட்டுத் தான் வெளியே நின்றது. காற்று நின்றபோது வெறும் கிளைதான் இருந்தது.

பிள்ளை பேச்சை நிறுத்தினாள்.

இதற்காகத்தான் அழுதார்களா. இதைத்தான் சொல்லக்கூடாது என்றார்களா. முதலாளியம்மாவுக்கு அவர் மனைவி இல்லாத விஷயம் தெரியும். அண்ணன் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லையே. படம் அவ்வளவு பிடித்துப்போனதில் மறந்துவிட்டார்கள்.

அவர் குனிந்து கேட்டார். "வெளிய போலாமா பாப்பா?"

"வேணாம்."

"போலாம்மா, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

"வேணாம்னு சொல்றேன்ல."

அவர் பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். படத்தைச் சொன்னது நான். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் அதுவே பதிலாகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒரு பெண் அணில் வந்தது. மழையில் நனைந்து, கையில் பையோடு வாசலில் நின்று அப்பா அணிலிடம் ஏதோ கேட்டது. பிள்ளை மறுபடி என் காதுக்கு வந்தாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"மழை விட்டதும் போயிடுவேன்னு சொல்லுது. பஸ் எப்ப வரும்னு கேக்குது."

அணில் கேட்டதில் 'ஸ்டே' என்று ஒரு வார்த்தை இருந்தது. எனக்கு அது தெரியும். கொரோனா காலத்தில் சந்தை, லிஃப்ட், பஸ் எல்லாவற்றிலும் அதை ஒட்டியிருந்தார்கள். அந்த அணில் போகிறேன் என்று சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று கேட்டது.

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் பாட்டு. பாட்டு ஆரம்பிக்கும்போது குட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருந்தது. முடியும்போது அந்தப் புது அணிலின் வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. பிள்ளை சொன்னாள்: "குளிருதுன்னு சும்மா படுத்திருக்கு. காலையில அதைப் போகச் சொல்லிடும்."

கடைசியில் வானத்தில் வெளிச்சமாக அம்மா அணில் வந்தது. புது அணிலைப் பார்த்தது. சிரித்துத் தலையை ஆட்டியது. அரங்கு முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முன் வரிசையில் ஒரு பெரிய ஆள் தோள் குலுங்க அழுதார். பிள்ளையின் வாய் என் காதில் பட்டது.

"இது எங்க வீடு, வேற யாரும் வரக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க."

சால்வையை இன்னும் இழுத்துக்கொண்டேன்.

"சரி" என்றேன்.

விளக்குப் போட்டார்கள். அவர் கண் சிவந்திருந்தது. டிஷ்யூ கொடுத்தேன். எனக்குத் தேவைப்படவில்லை. பிள்ளைக்கும் தேவைப்படவில்லை.

மேல்மாடி உணவங்காடியில் எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் மீ கோரிங் நூடுல்ஸ் வாங்க வரிசையில் போய் நின்றார். நீண்ட வரிசை. பிள்ளை நகத்தால் மேசையைச் சுரண்டினாள்.

"ஆண்டி, உங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாதா?"

"கொஞ்சம் தெரியும். காய் பேரு. நோட்டீஸ்ல போட்டிருக்குறது."

"ஸ்டே தெரியுமா?"

"தெரியும்."

சுரண்டுவது நின்றது. காது சிவந்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லுவீங்களா?"

"என்னத்தை?"

"நான் பொய்யா சொன்னதை."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீ எனக்குத்தானே சொன்னே."

அவள் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். நான் முகத்தைச் சிரித்த மாதிரி வைக்க முயலவில்லை.

"உங்களுக்குப் படம் பிடிச்சிருந்துச்சா?"

"இல்லை."

"எல்லாரும் அழுதாங்களே."

"அழுதாங்க. அழவைக்கப் படம் எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. படமும் அழகாத்தான் இருந்துச்சு. அந்த மழை நிஜ மழை மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தக் குட்டி ஒரே பாட்டுல சரின்னுடுச்சு. அதை நான் நம்பலை."

"நானும் நம்பலை" என்றாள் வேகமாக. "அந்த அம்மாவும் பொய். எங்க அம்மா மேல இருந்து அப்படி சிரிக்கமாட்டாங்க. திட்டுவாங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். ஷூவோட உள்ள போனா திட்டுவாங்க. தலை சீவாம நின்னா திட்டுவாங்க."

"திட்டத்தான் வேணும்."

"இந்தச் சடையைப் பார்த்தா அப்பாவையும் சேர்த்துத் திட்டுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவர் தட்டோடு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். படம் அவரை நன்றாகக் கரைத்துவிட்டிருந்தது. தட்டை வைத்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார்.

"படத்துல பார்த்தேல்ல பாப்பா, அந்த மாதிரி ஆண்டி நம்ம வீட்டுக்கு வந்தா உனக்கு ஓகேவா?"

எனக்கு உயிர் போனது மாதிரி இருந்தது. இங்கேயா கேட்பது. இன்றைக்கா கேட்பது. பக்கத்து மேசைக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை கையை உருவிக்கொண்டாள்.

"இப்ப சொல்லமாட்டேன். அப்புறம் கேளுங்க."

"அப்புறம்னா எப்போ?"

"அப்புறம்னா அப்புறம்தான்பா."

அவர் முகம் செத்துவிட்டது. "சாப்பிடுங்க, ஆறுது" என்றேன். மூவரும் சாப்பிட்டோம். மீ கோரிங்கில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பொங்கோலில் அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"படம் சுமார்தான்."

"ஐயோ, படத்தை யாரு கேட்டா! பிள்ளை என்ன சொல்லுச்சு?"

"அப்புறம் கேக்கச் சொல்லிடுச்சு."

"அப்படின்னா என்னடி அர்த்தம்?"

"தெரியலை அண்ணி. வேணாம்னு சொல்லலை."

உள்ளே அண்ணன் மகள், "நீங்க அழலையா அத்தை? நிஜமாவா? மனுஷங்க யாரும் அழாம இருக்க மாட்டாங்க" என்றாள். கோபமாக வந்தது. குளிக்கப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வந்தார். தக்காளியைப் பொறுக்குகிற மாதிரி நின்றார்.

"அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"ஆமா."

"பாப்பா அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. நானும் கேக்கலை."

"கேக்காதீங்க."

அதற்கடுத்த ஞாயிறும் தனியாகத்தான் வந்தார். காய் மட்டும் வாங்கினார். பள்ளிக்கூட லீவு வந்தது. லீவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆளே வரவில்லை. முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணன் வீட்டில் எனக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று மெதுவாகப் பேச்சை எடுத்தார்கள். போன் அடித்தால் ஓடி வருவேன். எடுத்தால் வெங்காய லாரிக்காரன்.

ஒரு வியாழக்கிழமை, கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணிலிருந்து அழைப்பு. ஈரக்கையோடு எடுத்தேன். அவர் குரல் இல்லை.

"ஆண்டி, நான்தான். அப்பாவோட போன். அப்பா குளிக்கிறாரு."

"சொல்லும்மா."

"அப்பா கேக்கச் சொல்லலை. நானேதான் கேக்குறேன்."

"ம்."

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வர்றீங்களா? தங்குறதுக்கு இல்லை. சாப்பிட மட்டும்."

குழாயை மூடினேன். சத்தம் நின்றால்தான் சரியாகக் கேட்கும் என்று தோன்றியது.

"வர்றேன். என்ன காய் கொண்டாரட்டும்?"

அவள் யோசித்தாள். உள்ளே அவர் குளியலறைக் கதவைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"பாகற்காய் வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.