போடாத கை

அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘சாப்பாட்டக்கா’. யார் எதிரில் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, “சாப்டீங்களா?” அரைவயிற்றோடு எழுந்தவரை உட்காரவைத்து இன்னொரு கரண்டி போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவரிடம் போய் இப்படியொரு வேலையைக் கொடுத்தார்கள்: பி1 வைட்டமினை நீக்கிய தீனியை எலிகளுக்கு வைத்து, பசி எப்படி மந்தமாகிறது என்று பார்க்க வேண்டும்.

நாள் ஆக ஆக ஒவ்வொன்றும் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அக்கா ‘குண்டன்’ என்று கூப்பிட்ட எலி மட்டும் தினமும் ஒரு பிடி பிடித்தது.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா தயங்கித்தான் கேட்டார். “பாவம்னு வெளியிலேர்ந்து ஏதாவது போட்டீங்களாக்கா? சொல்லிடுங்க, பரவாயில்ல.”

அந்தப் ‘பரவாயில்ல’தான் அக்காவைச் சுட்டது. இத்தனை வருடம் காத்த நல்ல பெயர் ஒரு எலியின் வயிற்றுக்குள் போய்விடுமா?

“மனசு கிடந்து தவிச்சுது, இல்லேங்கல. ஆனா ஒரு பருக்கை போடலம்மா. போட்டிருந்தா சொல்லிட்டு வேலையை விட்டே போயிருப்பேன்.”

டாக்டரம்மா குண்டனின் கூண்டைத் திறந்தார். கம்பி வலைத் தரையின் மேல் ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடந்தது.

“கம்பி அதோட காலைக் குத்துச்சு. நான்தான் வெச்சேன்,” என்றார் அக்கா, மறைக்காமல்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எலியின் குடலில் உள்ள கிருமிகள் அந்த வைட்டமினைக் கொஞ்சம் தயாரிக்கும். அது புழுக்கையோடு வெளியே வரும். வலை வழியே கீழே விழ வேண்டிய புழுக்கை அட்டையில் தங்க, அதைத் தின்றே குண்டன் தன் பசியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“வலை எதுக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. அந்தத் தப்புல பாதி என்னுது. உங்க வார்த்தையைச் சந்தேகப்பட்டது முழுசாவே என்னுதுக்கா.”

அட்டை போயிற்று. கொஞ்ச நாளில் குண்டனும் தீனிக்கு முகம் திருப்பியது. அக்கா தினமும் கூண்டருகே நின்று பார்த்தார். கை மட்டும் எதையும் போடவில்லை. பசி திரும்புகிறதா என்று பார்க்க வைட்டமின் சொட்டு கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் டாக்டரம்மா அதை அக்காவின் கையிலேயே கொடுத்தார். சாயங்காலத்துக்குள் குண்டன் கிண்ணத்துக்குள் தலையை விட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத் தீனியை எடை போட்டார்.

வீட்டில் கதை கேட்ட கணவர் சீண்டினார். “எலிக்குச் சோறு போட்டதுக்கா இவ்வளவு பெருமை?”

“போடுறது யாருக்கும் வரும். போடாம இருந்தேன் பாருங்க, அதுக்கு,” என்றபடி, கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார் அக்கா.