கருகமணி கட்டியதும் கிளம்பிய வேன்

2008-ல் ஒரு சாரல் காலக் காலையில், ஏழு மாதக் கைக்குழந்தையோடு குமுளி எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு கோட்டயம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு நேர்முகத் தேர்வு.

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். மூச்சு விடச் சிரமப்படும் நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வதும், தேறியதும் மெல்ல மெல்ல அதிலிருந்து விடுவிப்பதும் என் வேலை. பட்டம் வாங்கி மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலையும் பார்த்தேன். கல்யாணமாகி பெரியகுளத்துக்கு வந்து, குழந்தையும் பிறந்தபின் அது நின்றுவிட்டது. எங்கள் படிப்புக்கு மேற்படிப்பு அப்போது ஒன்றிரண்டு இடங்களில்தான் இருந்தது. கோட்டயத்தில் இருந்த தோழி சொல்லித்தான் விண்ணப்பித்தேன். அன்று முதல் ஒரே யோசனை. பால் குடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு படிப்பா? வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கணவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நான் உள்ளே போகும்போது தோழி வந்து குழந்தையை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வழியில் கம்பத்தில், கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். அன்று ரோடு வெறிச்சென்று கிடந்தது. கம்பத்துக்காரராக இருந்தால் அதிலேயே விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. குமுளியில் கடைகளெல்லாம் அடைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன். கேரளாவில் ஹர்த்தாலாம், நம் ஊர் பந்த் மாதிரி. சாயங்காலம் வரை பஸ் ஓடாது.

கல்லூரிக்குப் போன் செய்தேன். தேர்வாளர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், தேர்வு நடக்கும், வராதவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். தோழியாலும் வெளியே வர முடியாதாம். எனக்கு அழுகை வந்தது. கூடவே உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் வந்தது. திரும்பிப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

அப்போது கம்பத்திலிருந்து ஒரு வேன் ஏறி வந்து செக்போஸ்ட்டில் நின்றது. முன்கண்ணாடியில் மலையாளத்தில் பெரிதாக எழுதி ஒட்டிய தாள். கல்யாண வண்டி. ஹர்த்தாலிலும் கல்யாண வண்டியை விட்டுவிடுவார்களாம். உள்ளே பட்டுச் சேலைகள், அத்தர் வாசம். காஞ்சிரப்பள்ளியில் நடக்கும் நிக்காஹ்வுக்குப் போகிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். மாப்பிள்ளை முன்னால் காரில் போய்விட்டார். அவருடைய மூத்த அக்காதான் ஜன்னல் வழியே என்னைக் கேட்டார்.

“ஏத்தா, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு இங்கன எதுக்கு நனையுற?”

சொன்னேன். கதவைத் திறந்துவிட்டார். முன்பின் தெரியாதவர்களோடு போகலாமா என்று நான் நின்றேன்.

“ஏறு தாயி. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எந்தம்பிக்குப் புள்ளையே பொறந்துரும்.”

ஏறிவிட்டேன். வண்டி நகர்ந்ததுமே விசாரணை தொடங்கியது. ஏற்கெனவே படித்து வேலையும் பார்த்தவள், திரும்ப எதற்குப் படிப்பு? தேர்வுக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்த பதிலை அப்படியே தமிழில் சொன்னேன். “ஒண்ணும் வெளங்கல” என்றது பின் சீட். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி சொன்னேன். நம் பக்கத்தில் யாருக்காவது மூச்சு நிற்கிற நிலை வந்தால், மதுரை போகும்வரை ஆம்புலன்ஸில் ஒருவர் காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். மெஷின் வாங்கிப் போட்டாலும் அதைத் தெரிந்த ஆள் கிடையாது. எனக்கு அதை ஓட்டத் தெரியும். நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் நான் மேலே படித்தாக வேண்டும்.

“அப்ப நீ ஒருத்தி பத்தாதுன்னு போற” என்றார் அக்கா. “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

பீர்மேடு தாண்டி கொடியோடு நின்ற இளைஞர்கள் வேனை மறித்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்தார். எல்லாத் தலையிலும் முக்காடு, என் நெற்றியில் மட்டும் பொட்டு. இது யார் என்று கேட்டார். எனக்குப் பொய் வராது, உண்மை சொல்லவும் பயம். அக்கா அலட்டிக்கொள்ளாமல் பாதி மலையாளத்தில் சொன்னார்: மூச்சு டாக்டர், பெண்ணைப் பார்த்ததும் தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்ய, அதற்குத்தான் கையோடு கூட்டிப் போகிறோம். அந்த இளைஞர் சிரித்துவிட்டார். “டாக்டர் இல்லை” என்று திருத்தப் போன என்னைத் தொடையில் கிள்ளினார் அக்கா. அந்தக் கிள்ளலைச் சொல்லிச் சொல்லியே முண்டக்கயம் வரை சிரித்தோம்.

காஞ்சிரப்பள்ளியோடு வேன் நின்றுவிடும், அங்கிருந்து கல்லூரிக்கு நானே வழி பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

“எங்கள்ல தாலின்னா கருகமணிதான். அதப் பொண்ணுக்குக் கட்டுறது மாப்பிள்ளைக்கு அக்காதான். அதக் கட்டிட்டு நானே வாரேன். நீ உள்ள போனா புள்ளய யாரு வச்சிருப்பாக?”

காலையிலிருந்து நான் எனக்குள் கேட்கப் பயந்த கேள்வி அது.

நிக்காஹ் தாமதமானது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைவிட நான்தான் அதிகம் பதறியிருப்பேன். விஷயம் பெண் வீட்டுக்கும் பரவிவிட்டது. பெரியவர்கள் யாராவது பேச்சை நீட்டினால், ஒருத்திக்குப் பரீட்சை இருக்கிறது என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. மணப்பெண்ணே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா கருகமணியைக் கட்டினார், பெண்ணின் கன்னத்தைத் தடவினார், அப்படியே வந்து செருப்பை மாட்டினார்.

“அக்கா, பிரியாணி...” என்றார் டிரைவர்.

“பொட்டலம் கட்டியாச்சு. வண்டிய எடு.”

வெறிச்சோடிய ரோட்டில் எங்கள் வேன் பறந்தது. இரண்டு மணிக்குச் சற்று முன்பு கல்லூரி வாசலில் குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். முதல் கேள்வியே அதுதான். பட்டமும் அனுபவமும் இருக்கிறதே, மேற்படிப்பு எதற்கு? மனப்பாடப் பதில் தொண்டை வரை வந்தது. அதை விட்டுவிட்டு, “நான் ஒருத்தி பத்தாது சார்” என்று தொடங்கினேன். அதன்பின் வேனில் பேசியது போலவே பேசினேன். எங்கும் தடுமாறவில்லை.

வெளியே வந்தபோது அக்கா பட்டுச் சேலை கசங்க பெஞ்சில் உட்கார்ந்து என் மகனைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். தேர்வு எப்படி என்று கேட்கவில்லை. “மொதல்ல நீ மூச்சு விடு” என்றார். ஆறிப்போன பிரியாணியை டிரைவரோடு சேர்ந்து மூன்று பேரும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம்.

இடம் கிடைத்தது. படித்தும் முடித்துவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். மகனை மாமியாரிடம் விட்டுப் படித்தது சரிதானா என்ற கேள்வி இன்னும் அவ்வப்போது வரும். வரும்போதெல்லாம் அந்த வேனை நினைத்துக்கொள்வேன். நோயாளிகளுக்கு நான் ஒருத்தி பத்தாது என்று சொல்லத்தான் அன்று போனேன், ஆனால் அந்தக் கல்லூரி வாசலை எட்டவே நான் ஒருத்தி பத்தவில்லை.