மூன்று பரண்களுக்கு இடம் பார்த்தது

மான் சுடும் பரண்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் வந்து சேர்ந்தது. துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. மானிறைச்சி எனக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. ஆனாலும் அந்தக் காணிக்குள் மான்கள் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகின்றன என்று என்னளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்கவில்லை. அடக்கம் பார்க்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

காணி ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது. நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில் வீடு, எதிர்ச் சரிவில் காடு. அந்தக் காட்டின் ஊசியிலை மரங்களைச் சில வருடங்களுக்கு முன் ஒரு புயல் படுக்க வைத்திருந்தது. காணியின் சொந்தக்காரி அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. அண்ணன் இறந்த பிறகு காணி அவரிடம் வந்தது. முதலாளியம்மாவை ஜெர்மன் மொழியில் அழைப்பதுபோல நாங்களும் ஷெஃபின் என்றே அழைத்தோம். நாங்கள் என்றால் நானும் மன்னாரில் இருந்து வந்த ஒருவரும். அவர் அங்கே கடற்றொழில் செய்தவர், நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன். இரண்டு பேரும் அந்தச் சரிவில் ஓக் கன்றுகளை நட்டோம். எத்தனை என்று எனக்குத் தெரியும். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

முதல் பனிக்காலத்திலேயே மான்கள் அவற்றின் குருத்துகளைக் கடித்துவிட்டன. இங்கத்தைய சிறுமான் ஒரு வெள்ளாட்டின் அளவுதான் இருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் நடுக்குருத்தை விட்டுவைக்காது. நான் வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். முயல் கடித்தால் தண்டு கத்தியால் சரித்து வெட்டியதுபோல இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, அது பிய்த்துத்தான் எடுக்கும், நார் தொங்கும். இரண்டையும் பிரித்தே எண்ணினேன். கீழ்ப்பாதியில் சேதம் அதிகம், மேலே போகப் போகக் குறைந்தது. மேற்குப் பக்கமாக இருந்த அடர்ந்த புதர்ப்பற்றைதான் அவற்றின் படுக்கை, பற்றையின் கீழ் மூலையால்தான் அவை வெளியே வருகின்றன என்று அந்த எண்ணிக்கையே காட்டியது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஷெஃபின் எங்களைக் கூப்பிட்டார்.

"இந்தப் பனிக்காலமும் தின்றால் நான் ஓக்கை விட்டுவிடுவேன்," என்றார். "திரும்ப ஊசியிலை மரம்தான். கன்றுப் பண்ணைக்கு நவம்பர் முடிய முன்னம் சொல்ல வேண்டும்."

நட்ட கன்றுகளைப் பிடுங்கிவிட்டு வேறு நடுவது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணுக்குள் விரலைக் கொடுத்து ஒவ்வொரு வேரையும் நேராக்கி வைத்தவன் நான்.

மான்களைக் குறைப்பதற்கு ஷெஃபினிடம் வேட்டை அனுமதி இருந்தது, குறியும் நல்ல குறி. ஆனால் அவர் வடக்கே கடலோரச் சமவெளியில் வேட்டையாடிப் பழகியவர். அண்ணன் கட்டி வைத்திருந்த பரண்கள் உக்கிப்போயிருந்தன, அவற்றைச் சுற்றி நின்ற மரங்களும் புயலோடு போய்விட்டன. புதிதாக மூன்று பரண் கட்டலாம் என்றும், இடத்தை நான் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தார். "பிள்ளையளுக்குப் படிப்பிச்சது காணாதெண்டு இப்ப மானுக்கும் கணக்குப் படிப்பிக்கப் போறியளோ?"

பரணுக்கு இடம் பார்ப்பதில் முதல் விஷயம் காற்று. ஆளின் வாடை மானின் மூக்குக்குப் போகக் கூடாது. இரண்டாவது, குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான் போக வேண்டும், வானத்தைப் பார்த்துச் சுடக் கூடாது. மூன்றாவது, மானின் பாதையை மிதிக்காமல் ஏணிக்குப் போய்ச் சேர வேண்டும். இவற்றை ஷெஃபின் சொல்லித்தந்தார். ஒரு கம்பில் நூல் கட்டி நான் காற்றைப் பார்த்தேன். தினமும் மதியம் சாப்பிடும் நேரத்தில் கம்பை நட்டுவைப்பேன். நூல் தினமும் கிழக்கே பறந்தது.

"கச்சான்," என்றேன். மேற்கில் இருந்து வீசும் காற்றுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"கச்சான்தான் அண்ணை," என்றார் மன்னார்க்காரர், சோற்றைக் குழைத்தபடி. "இனி மாறாது. ஆரம்பிச்சா ரெண்டு மூண்டு மாசம் நிக்கும்."

எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் தெற்கே இருந்து சோளகம் வந்தால் சோளகம், வடக்கே இருந்து வாடைக்காற்று வந்தால் வாடைக்காற்று. காற்றைப் பருவத்தின் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள் நாங்கள். ஷெஃபினின் கடற்கரையிலும் காற்று பெரும்பாலும் ஒரே பக்கத்தால்தான் வீசுமாம், அவரும் தலையாட்டினார். மூன்று பரண்களையும் சரிவின் மேல் விளிம்பில், கிழக்கு ஓரமாகக் கட்டினோம். மேலிருந்து பார்த்தால் கன்றுகள் முழுவதும் தெரியும், கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும், மேற்கில் இருந்து வரும் காற்று எங்கள் வாடையைக் கிழக்கே கொண்டுபோகும். எல்லாம் கணக்காக இருந்தது. ஒவ்வோர் ஏணிக்கும் பதினொரு படி வைத்தேன். உறைபனியில் வழுக்கும் என்ற பயத்தில் படிகளில் கம்பி வலையும் அடித்தேன்.

ஷெஃபின் பொழுதுபடுகிற நேரங்களில் போய் இருந்தார். ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். மான் பற்றையின் மூலைக்கு வரும், தலையை மட்டும் காட்டும், பிறகு நாய் குரைப்பதுபோலக் குரைத்துவிட்டு உள்ளே ஓடிவிடும்.

"என் வாடையை மணந்துவிடுகிறது," என்றார் அவர். "மழைக்கோட்டை மாற்றினேன், சவர்க்காரத்தை விட்டேன். இனி என்ன செய்ய?" பிறகு என்னைப் பாராமல், "கன்றுப் பண்ணைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது," என்றார்.

அன்று என் தலைக்குள் ஒரே இரைச்சல். காற்று சரி, இடம் சரி, அப்படியானால் எது பிழை? அடுத்த நாள் நானே பரணில் இருந்து பார்க்கிறேன் என்றேன். மன்னார்க்காரருக்கு அது நல்ல பகிடியாகப் போய்விட்டது.

"மேல ஏறி என்ன செய்யப் போறியள் அண்ணை? மான் வந்தா வாய்ப்பாடு சொல்லிக் கலைக்கப் போறியளோ?"

"நீர் ஏணியைப் பிடியும். அது காணும்."

"பிடிக்கிறன். விழுந்தா வீட்டில அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

ஏறி இருந்தேன். நடுப் பரண். வெளிச்சம் இருக்கும்வரை காற்று முகத்தில் மேற்கில் இருந்து அடித்தது. சூரியன் இறங்கியதும் அது நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்கழுத்தில் குளிர் பட்டது. முதலில் சட்டைக் கழுத்தை இழுத்து மூடினேன், சளி பிடித்துவிடும் என்ற பயம். பிறகுதான் யோசித்தேன். குளிர் ஏன் பின்னால் இருந்து வருகிறது?

எதிர்ச் சரிவில் ஷெஃபினின் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. மதியத்தில் கிழக்கே சாயும் புகை இப்போது கூரையில் இருந்து இறங்கிப் புல்லின் மேல் படுத்து, மெதுவாக ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் காற்சட்டையில் ஒரு காட்டுச்செடியின் பஞ்சு ஒட்டியிருந்தது, எருக்கம்பஞ்சு மாதிரியான பஞ்சு. அதில் கொஞ்சத்தை விரலால் எடுத்து விட்டேன். அது மேலே எழும்பவும் இல்லை, கிழக்கே போகவும் இல்லை. சரிவோடு சரிவாகக் கீழே இறங்கியது, நேராகக் கன்றுகளின் கீழ்ப்பாதிக்கு. மிச்சம் ஒட்டியிருந்த பஞ்சையும் விட்டுப் பார்த்தேன். எல்லாம் அதே வழியால் போயின. பற்றையின் மூலையில் ஒரு மான் குரைத்தது.

பொழுதுபட்டால் மலையின் குளிர்ந்த காற்று தண்ணீர்போலக் கீழே வழிகிறது. அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. மன்னாரிலும் இல்லை, ஷெஃபினின் கடற்கரையிலும் இல்லை. சமநிலத்து ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சரிவுக்கு இடம் பார்த்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக் காற்றை வைத்து, பொழுதுபடும்போது வருகிற மானுக்குப் பரண் கட்டியிருக்கிறோம்.

அடுத்த நாள் காலை ஷெஃபினிடம் சொன்னேன். இரண்டு பரண்களைக் கீழே, ஓடைக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பொழுதுபட்டதும் ஆளின் வாடை ஓடையோடு கிழக்கே போய்விடும், பற்றை மேற்கே இருக்கிறது, மானுக்கு எட்டாது. மூன்றாவது பரண் மேலேயே நிற்கட்டும், கச்சான் பலமாக அடிக்கிற நாட்களுக்கு உதவும்.

"கீழே இருந்து மேல்நோக்கிச் சுடுவதா?" என்றார் ஷெஃபின்.

"மானுக்குப் பின்னால் முழு மலையும் இருக்கிறது. அதைவிடப் பெரிய மண்ணணை வேண்டுமா? வீடும் உங்கள் முதுகுப் பக்கம்."

அவர் யன்னலால் சரிவைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தை எடுத்துப் போட்டார்.

பரணைக் கழற்றாமலே இறக்கினோம். நான் முன்னால், மன்னார்க்காரர் பின்னால். கன்று மிதிபடுமோ என்று ஒவ்வோர் அடிக்கும் நான் நின்றேன்.

"போன மாசம் மேல ஏத்தினம், இந்த மாசம் கீழ இறக்கிறம்," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "வாற மாசம் எங்க அண்ணை, ஓடைக்கு நடுவிலயோ?"

"கதையாமத் தூக்கும். இடப்பக்கம் கன்று நிக்குது."

"எனக்கு நீங்கள் மட்டுந்தான் தெரியுது. அதுவும் பின்பக்கம்."

இறக்கி முடித்த மறுநாளே ஷெஃபின் போய் இருந்தார். நாங்கள் வீட்டு முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் மங்கும்போது ஒரு வெடி கேட்டது. இரண்டாவது வெடி கேட்கவில்லை. தவறியிருந்தால் இரண்டாவது வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை எனக்கு விறகு அடுக்கக் கை வரவில்லை. ஒரு பெண்மான். அந்தக் கிழமையிலேயே அதே பரணில் இருந்து இன்னும் இரண்டு சுட்டார். ஒன்றுகூட அவர் வாடையை மணந்து குரைக்கவில்லை.

நவம்பரின் கடைசி வெள்ளிக்கிழமை எங்களைக் குசினிக்குள் கூப்பிட்டு, கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, எங்களுக்கு முன்னால் நின்றே கன்றுப் பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். ஓக் என்றார். எத்தனை என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும், தொலைபேசியின் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தப்பி நிற்பவற்றையும் செத்தவற்றையும் முதல் நாளே எண்ணி வைத்திருந்தேன். செத்தவற்றுக்குப் பதிலாக அறுநூற்று எழுபது என்றேன். அவர் அப்படியே சொன்னார்.

தொலைபேசியை வைத்த பிறகு, பங்குனியில் மண் இளகியதும் நீங்கள் இரண்டு பேருமே நட முடியுமா என்று கேட்டார். நான் என் முழங்காலைப் பற்றியும், ஈரத்தைப் பற்றியும், பேருந்து நேரத்தைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கினேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றார் மன்னார்க்காரர் தமிழில், கோப்பிக்குச் சீனி போட்டபடி. "முழங்காலைப் பிறகு பாப்பம்."

ஓம் என்று சொன்னேன்.