பத்து வாசலில் ஒரே பக்கம்

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பத்து வீட்டுத் துணியில் ஒன்றுகூட வீடு மாறிப் போனதில்லை. ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும் அவர் போட்ட தையல் அடையாளம் இருக்கும். சிவப்பு நூலில் இரண்டு தையல் என்றால் மூன்றாம் மாடி, என் வீடு.

அவருடைய மகளுக்கு எட்டு வயது. வாய் ஓயாததால் எல்லோருக்கும் அவள் ரேடியோ. "மாசக் கடைசிக்குள்ள ஒரு பக்கம் தானா படிக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்" என்று பள்ளியில் டீச்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாலையானால் இஸ்திரி மேசையருகே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். தங்குதடையில்லாமல் படித்தாள். படியேறும்போது கேட்டுவிட்டு, டீச்சர்தான் ஆளைத் தவறாக எடை போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நான் துணி வாங்க நின்றிருந்தபோது அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏண்டி, நேத்து இதே பக்கத்துல நரி ஆத்துல விழுந்துச்சு. இன்னிக்கு எப்படிக் கரையில படுத்துத் தூங்குது?"

"நீந்தி வந்துடுச்சும்மா."

"புளுகாதே. சிவப்பு நூல் ரெண்டு தையல்னா சார் வீடு. நாளைக்கு அதே தையல் டிரைவரண்ணன் வீடுன்னு சொல்லுமா? எழுதினது எழுதினபடிதான் இருக்கும். மாறுறது உன் வாய்தான்."

பெண் படத்தைப் பார்த்துக் கதை கட்டியிருக்கிறாள். படித்தவன் நான் ஏமாந்தேன். எழுத்து என்றால் என்ன என்று ஆராயும் தடித்த புத்தகங்கள் சில என் அலமாரியில் உண்டு. இவ்வளவு தெளிவாக அவற்றில் யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

மறுநாள் முதல் துணி கொடுக்க மகளையும் கூட்டிவந்தார். பத்து வாசலிலும் அதே பக்கம். அவள் படித்து முடித்த பிறகுதான் துணிக்கட்டு கைமாறும்.

"அடுப்புல பால் இருக்கு, குடுத்துட்டுப் போடி!" என்றார் டிரைவரின் மனைவி.

"பொங்கினா துடைச்சுக்கலாம்க்கா" என்றார் அம்மா. "நாலு வரி கேளுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, பாவம்னு விட்டுடாதீங்க."

முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் டிரைவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

ஒரு மாலை, எல்லா வீடும் முடிந்த பிறகு அம்மா மறுபடி என் கதவைத் தட்டினார்.

"சார், உங்ககிட்ட கப்பல்னு படிச்சா. கீழ்வீட்ல படகுன்னு திருத்தினாங்க. நீங்க விட்டுட்டீங்களா?"

விட்டுத்தான் இருந்தேன். கப்பலும் தண்ணீரில்தானே போகிறது என்ற இரக்கம். ஓர் எழுத்தும் அறியாதவர், பத்து வாசலில் கேட்டதை மனத்துக்குள் ஒப்பிட்டு என் பிழையைப் பிடித்துவிட்டார். அன்றிரவு என் தடித்த புத்தகத்தில் இரண்டு பக்கம்கூட என்னால் படிக்க முடியவில்லை.

டீச்சர் சோதிக்கும் நாள் வந்தது. "கூட வாங்க சார். அவ படிக்கிறது புத்தகத்துல இருக்கிறதுதானான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தடவை விட்டுடாதீங்க."

டீச்சர் புதிய புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்தார். ரேடியோ ஐந்து வரிகளை மெல்ல, தட்டுத் தடுமாறிக் கடந்தாள். ஆறாவது வரியில் நின்றாள். மேலே படம் இருந்தது: ஏணிமேல் ஒருவன், கையில் வாளி. ஒரு மாதத்துக்கு முன்பென்றால் பத்துக் கதை கொட்டியிருக்கும். அம்மா கையிலிருந்த துணிப்பையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இது எனக்குத் தெரியல டீச்சர். எழுத்துக் கூட்டிப் பார்க்கட்டுமா?"

விரலை வைத்துக் கூட்டினாள். இரண்டாம் முறையில் வந்தது: சுண்ணாம்பு.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "அடுத்த வருஷம் அடுத்த வகுப்புதான், போ."

அம்மாவின் பார்வை என்மேல் இருந்தது. "அதுல இருந்ததுதானே சார்?"

"அதேதாம்மா. ஒரு எழுத்துகூட மாறல."

அப்போதுதான் அவர் முகம் இளகியது. வெளியே வந்ததும் ரேடியோ அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பத்து வீட்லயும் நானே போய்ச் சொல்றேம்மா!"

"சொல்லு. ஆனா நடந்தது நடந்தபடி. பத்து வீட்லயும் ஒரே மாதிரி இருக்கணும்."