அரைக் காபிச் சம்பந்தம்

பெங்களூரிலிருந்து போனில் பேசிய என் மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தாள்.

“அப்பா, அவங்க ரெண்டு நாள்தான் இருப்பாங்க. அந்த ரெண்டு நாளும் நீங்க ஜோக் அடிக்கக் கூடாது.”

“ஒண்ணுகூடவா?”

“பாருங்க, இப்பவே ஆரம்பிக்கிறீங்க.”

அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையனுக்கும் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை. பையனின் அப்பா சரி என்றுவிட்டார். அம்மா மட்டும் இன்னும் தலையை ஆட்டவில்லை. ‘எனக்கு மைசூர் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, போயிட்டு வந்து சொல்லுதேன்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பேச்சு நடக்கும்போது ஊர் பார்க்க வருகிறேன் என்றால், பார்க்கப்படப் போவது ஊர் அல்ல என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். அது அன்று காலையிலிருந்தே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

என் பதற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் கை நடுங்கும். எனக்கு வாய் ஓடும். அது முன்னால் ஓட, நான் பின்னால் மூச்சிரைக்க ஓடி ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டு வருவேன். பல் பிடுங்கப் போன இடத்தில் பயத்தில் ஜோக் அடித்து, டாக்டர் சிரித்துக் கை தவறி அடுத்த பல்லைப் பதம் பார்த்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். அந்த வாய்க்குத்தான் மகள் பூட்டுப் போட்டாள். நானும் சத்தியம் பண்ணினேன். ஒரே பெண்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூத்துக்குடி ரயில் வந்தது. பையனின் அப்பா உயரமாக, பேச்சு குறைந்தவராக இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா குள்ளம். கண்கள் மட்டும் சுங்க அதிகாரியின் கண்கள். எங்கள் காரின் டிக்கியைக்கூட ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை வைத்தார். “வாங்க வாங்க” என்றேன். அதற்கு மேல் அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சம்பந்தி என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை. ‘சார்’ என்று ஒரு பொதுச் சொல்லில் ஒதுங்கிக்கொண்டேன். அவர்களும் என்னை சார் என்றார்கள். ஆபீஸ் மீட்டிங் போல இருந்தது.

நேராக தேவராஜ மொஹல்லாவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். மெத்தென்ற தோசை, மேலே ஒரு கட்டி வெண்ணெய். அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டதும் கண்கள் லேசாக மூடின. என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆரம்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்தில் சர்வரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

“எரடு காபி, பை-டூ மாடி.”

மூளையிடம் அனுமதி கேட்காமல் என் வாயிலிருந்து வரும் ஒரே கன்னட வாக்கியம் இதுதான். எங்கள் ஊரில் காபியோடு ஒட்டிப் பிறந்தது பை-டூ. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பகிர்ந்து ஊற்றித் தருவார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து முழுசு முழுசாகக் குடித்தால், என்ன சண்டையோ என்று பக்கத்து மேஜைக்காரர் யோசிப்பார். பேராசிரியரும் பை-டூதான், ஆட்டோக்காரரும் பை-டூதான். என் அப்பாவின் ரயில்வே வேலையால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, தூத்துக்குடியில் அப்படி ஒன்று கிடையாது என்பது தோன்றவே இல்லை.

காபி வந்தது. பையனின் அம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கணவரிடம் குசுகுசுத்தார். கடற்கரை ஊர்க்காரர்களின் குசுகுசுப்பு, அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுப் பழகியது. சாமுண்டி மலை வரை கேட்டிருக்கும்.

“பாதிதான் ஊத்திருக்கான். மீதிய எங்க வச்சான்?”

“ஏளா, சும்மா குடி” என்றார் அவர்.

மேஜைக்கு அடியில் என் மனைவியின் கால் என் முழங்காலில் இறங்கியது. அப்போதுதான் உறைத்தது. பெண் கேட்டு வந்த வீட்டாருக்கு முதல் நாள், முதல் வேளை, அரைக் காபி கொடுத்திருக்கிறேன்!

“இல்லீங்க, இது இங்க வழக்கம்” என்று ஆரம்பித்தேன். “எல்லாருமே பாதிதான்... அதாவது கஞ்சத்தனம் எல்லாம் இல்ல...”

கஞ்சத்தனம் என்ற சொல் அதுவரை அந்த மேஜையில் யார் வாயிலும் வரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

“பரவால்ல சார்” என்றார் அம்மா, மிக மிக மரியாதையாக. “நெறைய காபி குடிக்கக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிருக்காரு.”

திட்டியிருந்தால் தேவலை. இந்தச் செய்தி தூத்துக்குடி போய் இறங்கி, தெருத் தெருவாக ஏறி, துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து தோணி வழியாக மாலத்தீவு வரை பரவும் காட்சி என் கண்முன் ஓடியது. ‘பொண்ணு வீட்ல அரைக் காபி குடுத்தானாம்ல!’ என் காது சூடாகிவிட்டது. வாய் பரபரத்தது. சத்தியத்தை நினைத்து மீதித் தோசையை வாயில் திணித்து அடைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் விருந்தோம்பல் அல்ல, வெறி. தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரியை முழம் போடவே விடவில்லை. பந்தோடு அப்படியே வாங்கி இரண்டு பெண்மணிகளின் தலையிலும் ஏற்றினேன். அவர்கள் நடந்தபோது இரண்டு சிறிய தேர்கள் அசைந்து போவது போலிருந்தது. நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் ஒரு சீப்பு கேட்ட இடத்தில் தார் வாங்கினேன். என் மனைவி பக்கத்தில் வந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் பல்லைக் கடித்தாள்.

“ஏன்ரீ, புத்தி இல்வா? இந்தத் தாரைத் தூக்கிட்டு அரண்மனைக்குள்ள போவீங்களா?”

போனேன். வாசலில் நிறுத்திவிட்டார்கள். தாரை செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டோம்.

மைசூர்க்காரன் அரண்மனைக்குள் போவது விருந்தாளி வந்தால் மட்டும்தான். ஆகவே அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முந்தைய விருந்தாளிகள் சொன்னது. தூண், கண்ணாடி விதானம், வெள்ளிக் கதவு என்று கை காட்டிக்கொண்டே போனேன். பையனின் அம்மா எதற்கும் அசரவில்லை. அரண்மனையின் கல்யாண மண்டபத்தின் நடுவில் நின்று நாலாபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இம்புட்டையும் யாரு தொடைப்பா?”

அதற்கு என்னிடம் பிரமாதமான பதில் ஒன்று இருந்தது. தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். அது வயிற்றில் போய் உட்கார்ந்து மதியம் வரை உறுமியது.

மதியம் மிலிட்டரி ஓட்டல். பெயர்தான் ராணுவம், உள்ளே நடப்பது மட்டனும் ராகி முத்தையும். நான் இருந்த நிலையில் இலைக்கு ஒன்று என்று சொல்லாமல் ஓட்டலில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புலாவ், சாப்ஸ், குழம்பு, கிரிக்கெட் பந்து அளவில் முத்தை. அம்மா முத்தையை விரலால் அழுத்திப் பார்த்து, “இது நம்ம களியில்லா?” என்றபோது முதல் முறையாக ஒரு சிரிப்பின் நிழல் தெரிந்தது. உடனே நான் இன்னொரு முத்தை சொன்னேன். நிழல் போய்விட்டது.

“சார், நாங்க என்ன தசரா யானையா?” என்றார்.

சாயங்காலம் அரண்மனை விளக்குகளைப் பார்க்க மைதானத்தில் உட்கார்ந்தோம். ஒரே நொடியில் கட்டடம் முழுவதும் பொன்னாக எரிந்தது. ஜனங்கள் ‘ஓ’ என்றார்கள். அந்த ‘ஓ’ அடங்குவதற்குள் பையனின் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

“சார், கொஞ்சம் காலாற நடந்துட்டு வருவமா?”

ஆண்கள் இந்த வாக்கியத்தை எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது பரீட்சையோ? தெரியும் என்றால் குடிகாரன். தெரியாது என்றால் உள்ளூரில் ஒரு பாருக்கு வழி தெரியாத உதவாக்கரை. நான் நடுவழி பிடித்தேன். தெருவில் நாலு பேரிடம் வழி கேட்பது போல நடித்து, தற்செயலாகக் கண்டுபிடித்தது போல ஒரு பாருக்குள் அழைத்துப்போனேன்.

“நமஸ்கார சார்!” என்று சர்வர் ஓடி வந்தார். “அதே மூலை டேபிள்தானே?”

பையனின் அப்பா கண்ணைக்கூட இமைக்கவில்லை. “ஆளு தெரிஞ்ச எடம்தான் நல்லது” என்று மூலையில் போய் உட்கார்ந்தார்.

காலையில் பட்ட சூடு மறக்கவில்லை. “ரெண்டு பீர், பெரிசு” என்றேன் கம்பீரமாக.

“எதுக்கு? ஒண்ணு போதும், ரெண்டு கிளாஸு” என்று அவர் சர்வரிடம் விரலைக் காட்டினார். நுரை படியும் வரை பொறுத்துவிட்டுப் பேசினார். “காலையிலேர்ந்து ஏன்வே இப்படிப் பறக்கீரு?”

அந்த ‘வே’ காதில் விழுந்ததும் என் பூட்டு கொஞ்சம் நெகிழ்ந்தது. காபிக் கதையைக் கொட்டினேன். பை-டூ என்றால் என்ன, அது எங்கள் ரத்தத்தில் எப்படிக் கலந்தது, மாலத்தீவு வரை என்ன ஆகும், எல்லாம். அவர் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி கேட்டார்.

“காபிக்கா அவ மொகத்தத் தூக்கி வச்சிருக்கா? ஒத்தப் பய வே. ஏற்கெனவே பெங்களூரு போயிட்டான். இப்ப மாமியார் வீடு இங்கன்னா, நம்ம வீட்டுக்கு எங்க வரப் போறான்னு கெடந்து மருகுதா. ரயில்ல ராத்திரி பூரா ‘அவங்களுக்குப் பக்கம், நமக்குத் தூரம்’னு இதே பாட்டுதான்.”

“நாங்க உங்க பையனை என்ன சார் பண்ணப் போறோம்? எங்க பொண்ணே எங்க வீட்டுக்கு வர்றது துவைக்கிற துணியோடதான்.”

அவர் சிரித்து பீர் புரையேறியது. ஐயோ, சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

“அவகிட்ட நான் சொல்லி ஆகாது. நீரு சொன்னாலும் ஆகாது” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே. “அவளுக்கே மனசுல படணும்.”

மறுநாள் நான் பெட்டிப் பாம்பு. சாமுண்டி மலையில் சாமி கும்பிட்டோம், நந்தியைப் பார்த்தோம். அத்தனை பெரிய நந்தி முன்னால் நின்றும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. நந்திக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். பையனின் அம்மா மலையிலிருந்து ஊரைப் பார்த்தபடி, “பெங்களூரு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கை காட்டினேன். “தூத்துக்குடி?” வேறு பக்கம் காட்டினேன். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

ரயிலுக்கு முன்னால் கடைசிக் காபி. அதே ஓட்டல். நான் எழுந்து நின்று, ஓட்டலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “நாலு காபி! நாலும் முழுசு!”

சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உடம்பு சரி இல்வா சார்?”

நான்கு முழு டம்ளர்கள் வந்தன. என் மனைவி தன் முன்னால் இருந்ததை, யாரோ கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனது போல, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள்.

“இவ்வளவும் நான் எப்பிடிரீ குடிக்கிறது?” என்றாள். இன்னொரு காலி டம்ளர் வாங்கிப் பாதியை ஊற்றி, யோசிக்காமல் என் பக்கம் நகர்த்தினாள். நானும் யோசிக்காமல் எடுத்துக் குடித்தேன். என்னுடைய முழு டம்ளர் பக்கத்தில் அப்படியே இருந்தது.

நிமிர்ந்தால், சுங்க அதிகாரியின் கண்கள் எங்கள் மேலேயே இருந்தன.

“தெனமும் இப்படித்தானா?” என்று என் மனைவியைக் கேட்டார்.

“கல்யாணம் ஆனதிலேர்ந்து. முழுசா ஒரு காபி குடிச்ச ஞாபகமே இல்ல எனக்கு. குடிச்சா தூக்கம் வராது.”

அம்மா சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேஜையில் இரண்டு வக்கீல்கள் பை-டூ. கல்லாவுக்கு அருகில் நின்றபடி இரண்டு பெண் போலீஸ், பை-டூ. தன் முழு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு சர்வரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் அந்த பை-டூ ஒண்ணு.”

வந்ததும் இரண்டு டம்ளரையும் ஒட்டி வைத்து, குனிந்து மட்டம் பார்த்தார். “ஏங்க, இங்க பாருங்க. ரெண்டுலயும் அரைக்கு மேல இருக்கு!”

“பை-டூன்னா அப்பிடித்தாம்மா” என்றார் சர்வர் பெருமையாக. “பாதி போட்டா ரெண்டு பேருக்கும் கொஞ்சம் ஜாஸ்தி வரும்.”

அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“மதினி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்கக் கூடாது. தீபாவளி, பொங்கலு பய எங்க வீட்ல இருக்கணும், மருமவளோட. இந்த தசராவ வேணா நீங்க வச்சுக்கிடுங்க. பை-டூ. என்ன சொல்லுதீங்க?”

மதினி! அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடும் சொல். அப்படியென்றால் நான் அண்ணன். மருமகள் வேறு வந்துவிட்டாள், சத்தமில்லாமல், வாக்கியத்தின் நடுவில். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காபி மூக்கு வழியாக வந்தது.

“அண்ணாச்சிக்கு சம்மதம்தான் போல” என்றார் அம்மா. அவரும் அவர் கணவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்தச் சமயம் பார்த்து என் போன் அடித்தது. மகள்.

“அப்பா, என்ன ஆச்சு? அங்க யாரோ சத்தமா சிரிக்கிறாங்க. அத்தை குரல் மாதிரி இருக்கு. ஜோக் அடிச்சீங்களா நீங்க?”

“நான் இல்லம்மா” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சத்தியமா நான் இல்ல. உன் மாமியார்தான் அடிச்சாங்க.”

 மேஜையில் முழுக் காபிகள் ஆறிக்கொண்டிருந்தன. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கார் டிக்கியில் கிடக்கும் வாழைத்தாரை வேறு பாதிப் பாதியாகப் பிரித்தாக வேண்டும்.