கொழும்புக் கலியாணம்

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது காலைவேளைகளில் தலையிடி வரத் தொடங்கியது. பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரத்துக்குச் சரியாக வரும். மத்தியானச் சோற்றுக்கு முன்னர் போய்விடும். இப்படியொரு வசதியான தலையிடியை யார் நம்புவார்கள்? அதற்கு முந்திய தவணையில்தான் வயிற்றுக்குத்து என்று சொல்லிக் கணக்குச் சோதனையிலிருந்து தப்பியிருந்தேன். அதனால் அம்மா என் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் புத்தகப் பையை எடுத்துக் கையில் தந்தார். போகிற வழியில் வேலியோரம் சத்தி எடுத்தேன். அதற்குப் பூச்சி மருந்து தந்தார்கள். பூச்சி ஒன்றும் வரவில்லை.

பிறகு இடப்பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கினேன். குசினிக்கென்று வெளிக்கிட்டால் கிணற்றடியில் போய் நிற்பேன். அதையும் வீட்டில் பகிடி என்றே நினைத்தார்கள். மாமி மட்டும் அப்படி நினைக்கவில்லை. மாமி அப்பாவின் தங்கை. கலியாணம் ஆகாமல் நாரந்தனையில் எங்களோடு இருந்தவர். பொய் சொல்வதில் எங்கள் வீட்டில் எனக்கிருந்த ஒரே போட்டி அவர்தான். அதனால் எது பொய்யில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"அண்ணை, இது நடிப்பில்லை. நடிக்கிற பிள்ளை ஆக்கள் பாக்கேக்கைதான் நடிக்கும். இவள் ஒருத்தரும் இல்லாத நேரத்திலையும் சாயிறாள்."

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என்னைக் கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார், தன் விரலைத் தொடச் சொன்னார், திரும்ப மூக்கைத் தொடச் சொன்னார். எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. பிறகு அப்பாவிடம் இங்கிலீசில் கதைத்தார். நான் வெளியே வாங்கில் இருந்தபோது தண்ணீர் கொண்டுவந்த ஒரு மனுசி, "தலைக்குள்ள கட்டி எண்ட பிள்ளை இதுவோ?" என்று இன்னொருவரிடம் கேட்டார். முழங்காலில் வருகிற கட்டி மாதிரி ஒன்று உள்ளே வந்திருக்கிறது, பழுத்தால் உடையும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது அப்பா என் கையை விடவேயில்லை. அது உடைகிற கட்டி இல்லை என்று அப்போது விளங்கியது.

கொழும்புக்குக் கொண்டுபோய்த் தலையைத் திறக்கவேண்டும் என்று முடிவாயிற்று. தம்பி பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவால் வர ஏலாது. அப்பாவும் மாமியும் கூட்டிப்போவது என்றார்கள். இதையெல்லாம் அவர்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று பேசியது எனக்குக் கேட்டது. என்னிடம் வந்து சொன்ன கதை வேறு.

"கொழும்பில ஒரு கலியாணம் பிள்ளை," என்றார் மாமி. "எல்லாரும் போறம்."

"ஆருக்கு?"

"எங்கட சொந்தத்தில ஒராளுக்கு."

அவர் கண்ணைச் சிமிட்டாமல் சொன்ன அழகைப் பார்த்து, எனக்கு உண்மை தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்கலாம் என்றிருந்தது.

அப்பா முன்பு தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றில் கடையை எரித்தபோது உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு சிங்களச் சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இப்போது குசினியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தேங்காய் துருவும் மாமிக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வாட்டில் ஆம்பிளைகளை நிற்க விடமாட்டார்கள், மாமி தனியே சமாளிக்க வேண்டும் என்பது காரணம். அப்பாவுக்குத் தெரிந்ததோ கடைச் சிங்களம். சீனி முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள், கடன் இல்லை. இவற்றைத் தாண்டி வெகு சிரமப்பட்டு ஒரு வசனத்தைச் செய்து முடித்தார்.

"மகே துவட்ட ஒலுவ ரிதெனவா."

மாமி தேங்காயைத் துருவியபடி அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். என் மகளுக்குத் தலை நோகிறது என்பது அதன் பொருள். நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"மாமி, ஒலுவ எண்டால் என்ன?"

"கலியாணப் பொம்பிளை," என்றார் மாமி, துருவுவதை நிறுத்தாமல்.

"கலியாணத்துக்கு ஏன் சிங்களம்? மாப்பிள்ளை சிங்களவரோ?"

மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் மாமி.

அடுத்த நாள் சங்கக்கடையில் சீனிக்கு வரிசை. நான் அங்கே மூன்று விசயங்களை மட்டும் சொன்னேன். நாங்கள் கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிறோம். மாப்பிள்ளை சிங்களவர். மாமி சிங்களம் படிக்கிறார். மூன்றும் எனக்குச் சொல்லப்பட்டவைதான். கூட்டிப் பார்த்தது வரிசையில் நின்றவர்கள்.

பொழுதுபடுவதற்குள் முன்வீட்டு அக்கா வந்துவிட்டார். அம்மா தம்பியை மடியில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் கேள்விப்பட்டது உண்மையோ? உங்கட மச்சாள் சிங்களவனை முடிக்கப் போறாவாமே?"

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. இல்லை என்றால் ஏன் கொழும்புக்குப் போகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் இருக்கும்போது பதில் சொல்ல முடியாது. அம்மா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பால் குடித்துக்கொண்டிருந்தவனைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். அப்போது குசினிக்குள்ளிருந்து மாமி வந்தார்.

"ஓம் அக்கா. என்ன செய்யிறது, மனம் ஒத்துப்போச்சு."

முன்வீட்டு அக்கா வாயில் கையை வைத்தார். "அவர் என்ன வேலையாம்?"

"ஆஸ்பத்திரியில. பெரிய டொக்டர்."

"டொக்டரோ!" முன்வீட்டு அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப சரி. இந்தக் காலத்தில சிங்களவர் எண்டால் என்ன, தமிழர் எண்டால் என்ன."

அவர் படலையைத் தாண்டியதும் அப்பா வெடித்தார். "ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"கதைக்கட்டும் அண்ணை. பிள்ளையின்ர தலையைப் பற்றிக் கதைக்காமல் என்னைப் பற்றிக் கதைக்கட்டும்."

நான் கதவுக்கு மற்றப் பக்கம் நின்று இதைக் கேட்டேன். கொஞ்சம் அழுகை வந்தது. ஆனாலும் கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்குப் புதுச்சட்டை வேண்டும் என்று அன்றிரவே கேட்டேன். மறுக்க வழியில்லாமல் யாழ்ப்பாணம் ரவுணில் எடுத்துத் தந்தார்கள். றோஸ் நிறம், கழுத்தைச் சுற்றி றேந்தைப் பின்னல். வெள்ளைச் சப்பாத்தும் கேட்டேன். அதுவும் வந்தது. ஊரில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்.

அம்மா நயினாதீவு அம்மனுக்கு என் முடியை நேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எப்படியும் வழிப்பார்கள், அதற்கு முன் அம்மனுக்குக் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் மிச்சத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது அவருடைய கவலை. குறிகட்டுவானில் மாமியோடு லோஞ்சு ஏறினேன். பாதிக் கடலில் மாமி மெதுவாக, "அங்கை போய் உமக்கு முடி இறக்குவம் என்ன?" என்றார். கெஞ்ச வேண்டிய நேரத்தில்தான் மாமி எனக்கு 'நீர்' போடுவார்.

"கலியாணத்துக்கு மொட்டையோடையோ போறது?" என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

லோஞ்சிலிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. மாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மாமிக்குப் பொய் வராமல் போனதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அவருடைய முகம் எனக்குப் பிடிக்கவில்லை. வென்ற சந்தோசம் வரவேயில்லை.

"எனக்குத் தெரியும் மாமி. தலைக்குள்ள கட்டி."

அவர் என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அப்போது, இத்தனை நாளும் ஒருவரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததை அவர் காதுக்குள் கேட்டேன்.

"தலையைக் கழட்டியோ வெட்டுவினம்? திருப்பிப் பூட்டேக்கை மாறிப் பூட்டினால்?"

மாமி என் தலையின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "கழட்ட மாட்டினம் குஞ்சு. பின்பக்கத்தில சின்னதா ஒரு யன்னல் வெட்டி, உள்ளுக்கு இருக்கிறதை எடுத்துப்போட்டு மூடுவினம்."

"நோகுமோ?"

"நித்திரையாக்கிப் போட்டுத்தான் செய்வினம். பிறகு நோகும். நான் பக்கத்தில இருப்பன்."

அதில் பொய் ஏதும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. முடி இறக்கச் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு. எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியக்கூடாது. இருவரும் பாவம், அந்தக் கலியாணத்தை நம்பித்தான் பகலில் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாமி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு பொய் சொல்கிற பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்.

வீட்டுக்கு வந்து, "மொட்டையோட போனால் மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல ராசியாம், மாமி சொன்னவ," என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மாமியை ஒரு பார்வை பார்த்தார். சிங்களவர் மத்தியில் அப்படியொரு வழக்கம் உண்டு என்று மாமி சாதித்தார். பன்னிரண்டு வருடம் சிங்களவர் மத்தியில் கடை வைத்திருந்த அப்பா, "இருக்கும்," என்றார்.

வெளிக்கிடும் நாளில் அம்மா என் மொட்டையைத் தடவித் தடவி, "வடிவாக் கலியாணம் பார், என்ன? பலகாரம் எல்லாம் சாப்பிடு," என்றார். சொல்லி முடியாமல் தம்பிக்குப் பால் கொடுக்கவென்று உள்ளே போய்விட்டார். தம்பி நித்திரையாகக் கிடந்தான்.

பண்ணைப் பாலத்தடியில் இந்தியன் ஆமிக்காரன் ஒருவன் பஸ்ஸை மறித்து ஏறினான். றோஸ் சட்டையையும் மொட்டையையும் மாறிமாறிப் பார்த்து, "திருப்பதி?" என்று கேட்டான். மாமி, "ஓம், ஓம்," என்றார். அவன் என் தலையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினான்.

ரெயில் அந்த நாள்களில் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. எங்களுக்கு ஓடியது. வவுனியா கழிந்து சிங்கள ஊர்கள் தொடங்கியதும் அப்பா சால்வையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்தார். மாமி பொட்டை எடுத்தார். நான் எதைத் துடைப்பது என்று கேட்டேன். "நீ வாயைத் துடை," என்றார் அப்பா. அதன்பிறகு கொழும்புக் கோட்டை ஸ்ரேசன் வரும்வரை அவர் பேசவில்லை. தேத்தண்ணி விற்க வந்தவன் சிங்களத்தில் ஏதோ கேட்டபோது அவர் சால்வையால் முகத்தை மூடி நித்திரைபோலக் கிடந்தார். என் தலைக்குள் இருந்ததைவிட அவருக்குள் இருந்த பயம் பெரிதோ என்று அப்போது நினைத்தேன். ஆனாலும் அவர் எழும்பித் திரும்பிப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்யப்போகிற பெரிய டொக்டர் வந்தார். உயரமானவர், காதில் மயிர் முளைத்தவர். தலைப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். சிங்களவர், ஆனால் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர்.

"சட்டை நல்லம். எங்கே போறது?"

"கலியாணத்துக்கு வந்தனான்," என்றேன்.

"யார் கலியாணம்?"

நான் மாமியைக் காட்டினேன்.

"மாப்பிள்ளை?"

நான் அவரையே காட்டினேன்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. மாமிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பதற்றத்தில் மனப்பாடமாக இருந்த ஒரே வசனத்தை எடுத்துவிட்டார்.

"மகே துவட்ட ஒலுவ ரிதெனவா."

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். நர்ஸ்மார் சிரித்தார்கள். அவர் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்ல, அப்பா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். முதலில் பிள்ளையின் தலையைப் பார்ப்போம், மற்றதைத் தன் மனைவியிடம் கேட்டுத்தான் சொல்லமுடியும் என்றாராம். சொல்லி முடித்தபோது அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே என் பக்கம் குனிந்தார்.

"உனக்கு எல்லாம் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்து."

அவர் மொட்டையில் குட்டக் கையை ஓங்கிவிட்டு, குட்டக்கூடாத தலை என்று நினைவு வந்து, அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சை நாள் எனக்கு நினைவில்லை; அது அப்பா, மாமி இருவருடைய நாள். கண் விழித்தபோது உலகம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு டொக்டர்களும் இரண்டு மாமிகளும் நின்றார்கள். டொக்டர் மாமியைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"இது யார்?"

நான் மாமியை நன்றாகப் பார்த்தேன். தொண்டை வறண்டிருந்தது, தலை வெடிக்கிற மாதிரி நொந்தது. என்றாலும் இப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராது.

"தெரியாது," என்றேன்.

மாமி போட்ட சத்தத்துக்கு வாட்டின் கடைசிக் கட்டிலில் கிடந்த பிள்ளையும் எழும்பிவிட்டது. என் உதடு என்னைக் காட்டிக் கொடுத்தது. மாமி பார்த்துவிட்டார். உடனே என் இடத்தொடையில் ஒரு நுள்ளு, நகம் பதிய. நான் காலை உதறிக் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து மாமியைத் திட்டினார். டொக்டரோ அந்தக் காலைப் பார்த்து, "நல்லம், நல்லம்," என்றார். அந்தக் கால் அசையுமா என்றுதான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். திரும்ப வளராத வகை என்றார்கள், வளரவுமில்லை. உலகம் மெல்ல மெல்ல ஒன்றாகியது. இடப்பக்கச் சாய்வு மட்டும் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

அடுத்த வருடப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ரீச்சர் என்னை நிழலில் இருக்கச் சொன்னார். ஏலாது, ஓடத்தான் போகிறேன் என்று அடம்பிடித்தேன். விசில் ஊதியதும் பலமாக ஓடினேன். மற்றப் பிள்ளைகள் நேரே போக, நான் வளைந்து வளைந்து போய், பிரதம விருந்தினருக்கென்று மேசையில் வைத்திருந்த சோடாப் போத்தில்களுக்குள் விழுந்தேன். அதிபர் எழும்பி நின்றார். ரீச்சர் தன் தலையில் கை வைத்தார். ஒருவரும் என்னை ஏசவில்லை. நான் உடையாத போத்தில் ஒன்றை எடுத்துத் திறந்து குடிக்கத் தொடங்கினேன்.