எதிர்வீட்டுக் கீச்சு

மூன்றாவது மாடியில் டியூப்பக்கா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவள். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ‘நல்லா இருக்கீங்களா’ என்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாள். பிறகு அடுப்புக்குப் பின்னால் குனிந்து டியூப்பை வளைத்துப் பார்ப்பாள். வெடிப்பு தெரிந்தால் போச்சு. ரெகுலேட்டரை மூடிவிட்டு, அங்கேயே கத்தரிக்கோலால் டியூப்பை இரண்டாக நறுக்கிவிடுவாள். முழுசாக விட்டால் ‘இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்’ என்று மறுபடி மாட்டிக்கொள்கிற ஜனங்கள்தானே நாம்.

அப்படி நறுக்கித்தான் தங்கையைத் தொலைத்தாள்.

தங்கை எதிர்வீடு. மகள் பிறந்தநாளுக்கு இருபது பேரைக் கூப்பிட்டிருந்தாள். டியூப்பக்கா பரிசோடு போனவள், கை சும்மா இருக்காமல் அடுப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டாள். நறுக்கிய பிறகுதான் மாற்று டியூப் கைவசம் இல்லை என்பது உறைத்தது. கடைக்கு அன்றைக்கு விடுமுறை. இருபது பேரும் கேக்கைத் தின்றுவிட்டு, பாதி வெந்த குழம்பைப் பார்த்தபடியே கிளம்பினார்கள்.

“நெருப்பு பிடிச்சிருந்தாக்கூட இவ்வளவு மானம் போயிருக்காது. இனி என் வாசலை மிதிக்காதே,” என்றாள் தங்கை.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. படியில் எதிர்ப்பட்டால் தங்கை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்குவாள். ஊர் டியூப்பையெல்லாம் வளைத்துப் பார்த்தவளுக்கு எதிர்வீட்டு டியூப் என்ன கதியில் இருக்கிறது என்று தெரியாது. டியூப் கிடக்கட்டும். தங்கை சிரித்தால் மூக்கு சுருங்குமே, அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

போன திங்கட்கிழமை எதிர்வீட்டிலிருந்து ‘கீச்’ என்றது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி ‘கீச்’. புகை அலாரத்தில் பேட்டரி தீரப்போகிறது. டியூப்பக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? சாப்பிடும்போதுகூட கீச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எதிர்வீட்டு எலிக்குஞ்சை இங்கேருந்தே எத்தனை நாள் வளர்ப்பே? போய்க் கதவைத் தட்டேன்,” என்றார் கணவர்.

“அவ கூப்பிடட்டும்.”

வியாழக்கிழமை மத்தியானம் கீச்சு நின்றது.

மாற்றிவிட்டாளா, பிடுங்கிப் போட்டாளா? புது பேட்டரி போட்டிருந்தால் சோதனைப் பட்டனை அமுக்கியிருப்பாள், மாடியே அலறியிருக்கும். அலறவில்லை. செத்த அலாரத்துக்குக் கீழே எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டு ஃபோனில் கதை பேசப்போவாள். அவளைத் தெரியாதா?

டியூப்பக்கா புது பேட்டரி ஒன்றை எடுத்துப்போய் எதிர்வீட்டு மிதியடிமேல் வைத்தாள். காலை மட்டும் வைக்கவில்லை. சொன்ன சொல் சொல்தானே. காலிங் பெல்லை அமுக்கிவிட்டு, ஐம்பத்திரண்டு வயசில், ஓட்டமாக ஓடிவந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர்க்கதவு திறந்தது. மூடியது. டியூப்பக்கா கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஸ்டூல் இழுபட்டது. யாரோ ஏறினார்கள். பிறகு அலாரம் வீரிட்டு அலறியது. கீழ்வீட்டு நாய்கூட குரைத்தது.

அலறல் அடங்கியதும் எதிர்க்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கேட்டுச்சாக்கா?”

டியூப்பக்கா கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

“சரியாக் கேக்கலடி,” என்றாள். “இன்னொரு தடவை அமுக்கு.”